செலராங் சதுக்கமும் ஒரு கையெழுத்தும்: ஜப்பானியர் பிடியில் இருந்த கைதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரும் மலாயாவும் 1942 பிப்ரவரியிலிருந்து மூன்றரை ஆண்டுகள் ஜப்பானிய ராணுவத்தின் கையில் இருந்தன. அந்தக் காலத்துக் கைதிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், கடைசியில் யாராவது ஒருவர் "அவர்கள் பணிந்து போனார்களா, எதிர்த்து நின்றார்களா?" என்று கேட்டுவிடுவார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், என்னால் முடிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

செலராங்கில் என்னதான் நடந்தது?

1942 ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூரின் சாங்கி போர்க்கைதிகள் முகாமுக்குப் புதிய பொறுப்பாளராக மேஜர் ஜெனரல் ஃபுகுயே ஷிம்பெய் வந்தார். வந்ததுமே ஒவ்வொரு கைதியும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எந்தச் சூழ்நிலையிலும் தப்பிக்க முயல மாட்டேன் என்று என் மானத்தின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன் என்பதுதான் அந்தத் தாளின் சாரம். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர யாரும் போடவில்லை.

செப்டம்பர் 2 அன்று, மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் செலராங் பாசறைக்கு நடக்கச் சொன்னார்கள். சுமார் 800 பேருக்காகக் கட்டிய இடம் அது. அங்கே 15,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டார்கள். அதே நாளில், முன்பு தப்பிப் பிடிபட்டிருந்த நான்கு பேரைச் சாங்கி கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். மூன்று நாட்கள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, கைதிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

இத்தனை ஆயிரம் பேர் எப்படி ஒரே இடத்தில் கைதிகளானார்கள்?

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் கரையிறங்கியது. எழுபது நாளில் தீபகற்பமும் சிங்கப்பூரும் கைவிட்டுப் போயின. 1942 பிப்ரவரி 15 அன்று, புக்கித் தீமாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி ஜெனரல் யமாஷிதாவிடம் சரணடைந்தார். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், இந்தியர் என்று சிங்கப்பூரில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் ஒரே மாலையில் கைதிகளானார்கள். சண்டையில் பிடிபட்டவர்கள் அல்ல இவர்கள். மேலிருந்து வந்த உத்தரவுப்படி ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது முக்கியம். பணிவது என்பதே முதலில் அவர்களுக்கு உத்தரவாகத்தான் வந்தது.

எப்படியும் தப்ப முடியாத இடம். பிறகு ஏன் ஒரு காகிதத்துக்காக இவ்வளவு பிடிவாதம்?

சாங்கியைச் சுற்றிக் கடல். நிலத்தில் எங்கே போனாலும் ஜப்பானிய ராணுவம். வெள்ளைத் தோலோடு ஊருக்குள் மறைய வழியில்லை. தப்பலாம் என்று உண்மையிலேயே நம்பியவர்கள் மிகச் சிலர்தான். எனவே கையெழுத்தால் அவர்கள் இழக்கப் போவது ஒன்றுமில்லை என்று தோன்றும்.

ஆனால் தப்ப முயல்வது தன் கடமை என்று அந்தச் சிப்பாய்க்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகளிலும் இதற்கு இடமுண்டு. தப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து விடுதலை பெறும்படி எந்தக் கைதியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவை சொல்கின்றன. இங்கே விடுதலையும் இல்லை, வாக்கு மட்டும் கேட்டார்கள். கைதிகளை நடத்துவது பற்றிய 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்தது, ஆனால் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. தப்பிப் பிடிபட்டவனுக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கு மேல் தண்டனை கூடாது என்பது அந்த ஒப்பந்தத்தின் விதி.

இதையெல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. துப்பாக்கி, பதவி, சம்பளம், செய்தி எல்லாம் போய்விட்ட மனிதனிடம் மிஞ்சியிருந்தது அவன் சொல்தான். அதையும் கொடு என்று கேட்டபோது பதினைந்தாயிரம் பேர் முடியாது என்றார்கள்.  

சுடப்பட்ட நான்கு பேர் யார்?

ஆஸ்திரேலியர்கள் இருவர்: கார்ப்பரல் ராட்னி பிரேவிங்டன், சிப்பாய் விக்டர் கேல். ஆங்கிலேயச் சிப்பாய்கள் இருவர்: ஹரால்டு வாட்டர்ஸ், எரிக் ஃபிளெட்சர். பிரேவிங்டனும் கேலும் மே மாதமே தப்பி, ஒரு சிறு படகில் கடலில் துடுப்புப் போட்டுப் போனவர்கள். நோயும் பட்டினியுமாகப் பிடிபட்டுத் திரும்பி வந்தார்கள். ஃபுகுயே கையெழுத்துக் கேட்பதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தது இது.

பிரேவிங்டன் கடைசி நேரத்தில் ஒன்று கேட்டார். கேல் என் உத்தரவுப்படிதான் என்னோடு வந்தான், என்னைச் சுடுங்கள், அவனை விட்டுவிடுங்கள் என்றார். கேட்கவில்லை. முதல் குண்டுகளில் உயிர் போகவில்லை. முடித்துவிடும்படி அவரே கேட்க வேண்டியிருந்தது. கைதிகளின் மூத்த அதிகாரிகளை அங்கே நிறுத்தி வைத்துப் பார்க்க வைத்தார்கள். நோயிலிருந்து இன்னும் எழாதவர்களை இப்படிக் கொன்றதை, எண்பது வருடம் கழித்துப் படிக்கும்போதும் நிதானமாகத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.

அந்த மூன்று நாட்கள் சதுக்கத்தில் எப்படி இருந்தது?

நடுவே தார் போட்ட அணிவகுப்புத் திடல், சுற்றி மாடிக் கட்டடங்கள். மூலைகளில் இயந்திரத் துப்பாக்கி. உள்ளே இடமில்லாதவர்கள் மாடிப்படியிலும் கூரையிலும் திடலிலும் படுத்தார்கள். பதினைந்தாயிரம் பேருக்கு ஒன்றிரண்டு குழாய்கள்தான். கழிப்பிடத்துக்கு வேறு வழியில்லாமல், திடலின் தாரை உடைத்துக் குழி வெட்டினார்கள். பக்கத்திலேயே சமையல். ஏற்கெனவே வயிற்றுக்கடுப்பு பரவியிருந்த கூட்டம், செப்டம்பர் மாத வெயில். ஒரு நாள் தள்ளிப் போனாலும் என்ன ஆகும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும்.

அப்படியும் இரவில் பாட்டுக் கச்சேரி நடந்தது. மூன்று நாட்களும் யாரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை.

கடைசியில் போட்டுவிட்டார்களே. அப்படியானால் பணிந்துவிட்டார்கள்தானே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெர்சிவல் உள்ளிட்ட ஜெனரல்களையும் கர்னல்களையும் அதற்குள் ஃபார்மோசாவுக்கு, அதாவது இன்றைய தைவானுக்கு, கொண்டு போய்விட்டார்கள். முகாமில் மூத்தவராக மிஞ்சியவர் லெப்டினன்ட் கர்னல் ஹோம்ஸ். ஆஸ்திரேலியர்களுக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் கல்லகன். அடுத்த கட்டமாக மருத்துவமனை நோயாளிகளையும் இந்தச் சதுக்கத்துக்குக் கொண்டுவருவோம் என்று ஜப்பானியர் மிரட்டினார்கள். தொண்டை அடைப்பான் நோயும் வயிற்றுக்கடுப்பும் உள்ளவர்களை அங்கே கிடத்தினால் நூற்றுக்கணக்கில் சாவார்கள். சிப்பாய்களிடம் கேட்டிருந்தால் இன்னும் நிற்போம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஹோம்ஸ் அவர்களிடம் விடவில்லை.

அவர் பேரம் பேசினார். கைதிகள் விருப்பப்பட்டு வாக்குக் கொடுப்பதாக இருக்கக் கூடாது, கையெழுத்துப் போடும்படி ஜப்பானிய ராணுவம் முறைப்படி உத்தரவு போட வேண்டும் என்றார். அந்த உத்தரவு வந்தது. பிறகு, வற்புறுத்தலின் பேரில் போடப்படும் கையெழுத்து இது, பொறுப்பு என்னுடையது, போடுங்கள் என்று தன் ஆட்களுக்கு உத்தரவிட்டார். வற்புறுத்தி வாங்கிய வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. இது தெரிந்துதான் செய்தார்.

சிப்பாய்களும் தங்கள் பங்கைச் சேர்த்தார்கள். பலர் பொய்ப் பெயர் எழுதினார்கள். ஆஸ்திரேலியர்கள் தங்கள் நாட்டுப் பழைய கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிய ஜப்பானியருக்கு அந்தப் பெயர் தெரியாது.

இதைப் பணிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழு எதிர்ப்பு என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் கேட்ட தாள் கேட்டபடி போய்ச் சேர்ந்தது. மானத்துக்காக மூன்று நாள் நின்றார்கள், பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவனின் உயிருக்காக நான்காம் நாள் விட்டுக்கொடுத்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் அதே மனிதர்கள்தான்.

சுட்டவர்கள் இந்தியர்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. முகாம் காவலில் ஜப்பானியரோடு இந்தியர்களும் இருந்தார்கள். சில மாதம் முன்பு வரை அதே பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து, பிடிபட்ட பின் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) பக்கம் வந்த சீக்கியர்கள். கடற்கரையில் சுடும் வேலையை அவர்களைக் கொண்டு செய்வித்தார்கள்.

நம்மில் பலர் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வேறு சிலர் இதை மட்டும் பிடித்துக்கொண்டு ஐ.என்.ஏ. முழுவதையும் திட்டுகிறார்கள். நடந்தது நடந்ததுதான், மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காவலர்கள் யாருடைய கையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் மைதானத்துக்குப் போக வேண்டும்.

ஃபேரர் பார்க்கில் இந்தியக் கைதிகளுக்கு என்ன நடந்தது?

சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சாங்கிக்கு நடக்கச் சொன்னார்கள். இந்தியர்களைத் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேல் கூடியதாகக் கணக்கு. ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஒலிபெருக்கி முன் வந்து, உங்களை ஜப்பானிய அரசிடம் ஒப்படைக்கிறேன், என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது போல இனி அவர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பொருளில் பேசிவிட்டுப் போய்விட்டார். அடுத்து ஜப்பானிய ராணுவத்தின் மேஜர் ஃபூஜிவாரா பேசினார். பிறகு பஞ்சாப் ரெஜிமென்டின் கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்தியாவை விடுவிக்க ஒரு படை அமைக்கிறோம், வாருங்கள் என்றார். அதுதான் ஐ.என்.ஏ.

அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஒருவனின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கலாம். உப்புத் தின்ற அரசு அவனை ஆடுமாடு போலக் கைமாற்றிவிட்டது. அதே படையில் இருந்தும் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு சம்பளம், இந்திய அதிகாரிக்குக் குறைந்த சம்பளம். மலாயாவின் கிளப்புகளில் இந்திய அதிகாரியை உள்ளே விடமாட்டார்கள். ஊரில் காந்தி, நேரு. எதிரே துப்பாக்கியோடு ஜப்பானியன், முதுகுக்குப் பின்னால் ரெஜிமென்டின் கொடி மேல் செய்த சத்தியம். ஊரில் மனைவி மக்களுக்குப் போகும் பணம் பிரிட்டிஷ் அரசின் பணம்.

ஐ.என்.ஏ.வில் சேர்ந்தது அந்நியனுக்குப் பணிந்ததா, அந்நியனை எதிர்த்ததா?

எந்த அந்நியன் என்று முதலில் கேட்க வேண்டும். சாங்கியில் இருந்த ஆங்கிலேயனுக்கு ஆக்கிரமிப்பாளன் ஒருவன்தான். இந்தியச் சிப்பாய்க்கு இரண்டு பேர். ஒருவன் இருநூறு வருடமாக ஊரில் இருந்தான், இன்னொருவன் நேற்று வந்தான்.

மனப்பூர்வமாக நாட்டுக்காகச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சோற்றுக்காக, அடிக்குப் பயந்து, நண்பன் சேர்ந்ததால், உள்ளே இருந்து தன் ஆட்களைக் காப்பாற்றலாம் என்று எண்ணிச் சேர்ந்தவர்களும் உண்டு. மறுத்தவர்களை பிடாடாரி போன்ற முகாம்களில் வைத்து வற்புறுத்தியதும் உண்டு, அதில் வன்முறையும் இருந்தது. 1942 செப்டம்பரில் சுமார் 16,000 பேரோடு முதல் படைப்பிரிவு உருவானது.

அப்புறம் நடந்ததுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஜப்பானியர் தங்களைச் சமமாக நடத்துகிறார்களா, எடுபிடியாக வைத்திருக்கிறார்களா என்ற சந்தேகம் மோகன் சிங்குக்கு வளர்ந்துகொண்டே போனது. எழுத்துமூலம் உறுதி கேட்டார், கிடைக்கவில்லை. கூடுதல் ஆட்களை அனுப்பச் சொன்னபோது மறுத்தார். 1942 டிசம்பர் 29 அன்று ஜப்பானியர் அவரைக் கைது செய்தார்கள். அவர் முன்பே சொல்லி வைத்தபடி படை கலைந்தது. பிரிட்டிஷாரின் கணக்கில் துரோகி, ஜப்பானியரின் கணக்கில் கைதி. மைதானத்தில் ஜப்பானியரோடு நின்று பேசியதற்கும் அவர்களை எதிர்த்ததற்கும் இடையே பத்து மாதம்தான். இந்த மனிதரைப் பணிந்தவர் என்று எழுதுவதா, எதிர்த்தவர் என்று எழுதுவதா?

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பிறகு படை மறுபடி எழுந்தது. அப்போது கைதிகள் மட்டுமின்றி மலாயாவின் தோட்டத் தமிழர்களும் பெருமளவில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்கள் நிறைய. அது தனிக் கதை.

சேர மறுத்தவர்களுக்கு என்ன ஆனது?

அவர்களை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். ஐ.என்.ஏ.வுக்கு நினைவேந்தல் உண்டு, பிரிட்டிஷ் கைதிகளுக்குப் புத்தகங்கள் உண்டு. இருவருக்கும் நடுவே விழுந்துபோனவர்கள் இவர்கள்.

பல்லாயிரம் பேரை வேலைப் படைகளாக்கிக் கப்பலில் ஏற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் போன்ற தீவுகளுக்கு அனுப்பினார்கள். பட்டினியும் மலேரியாவும் அடியும் சேர்ந்து தின்றன. நியூ கினியின் வெவாக் பகுதிக்குப் போன இந்தியர்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். போர் முடிந்து மீட்கப்பட்டவர்களில் ஒரு சிறு குழு, ஊர் திரும்பும் வழியில் 1945 நவம்பரில் விமான விபத்தில் இறந்துபோனது. சாட்சி சொல்வதற்காகப் பின்தங்கியதால் பிழைத்தவர் ஜமேதார் சிந்த் சிங். தோழர்களுக்கு நடந்ததைப் போர்க் குற்ற விசாரணையில் அவர்தான் எடுத்துச் சொன்னார்.

ஹாங்காங்கில் பிடிபட்ட கேப்டன் மதீன் அகமது அன்சாரி ஹைதராபாத் அரச குடும்பத்தோடு உறவுடையவர். அதனாலேயே அவரைத் தங்கள் பக்கம் இழுக்க ஜப்பானியர் மிகவும் முயன்றார்கள். பட்டினி போட்டார்கள், வதைத்தார்கள். அவர் மறுத்ததோடு, மற்றவர்கள் தப்பவும் உதவினார். 1943 அக்டோபரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் விருது வந்தது.

மோகன் சிங்கும் அன்சாரியும் ஒரே பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரிகள், இருவரும் இந்தியர்கள், இருவரும் ஜப்பானியரிடம் பிடிபட்டவர்கள். ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மரண ரயிலில் வேலை செய்தது எதிரிக்கு உதவியது ஆகாதா?

சயாம்–பர்மா ரயில் பாதை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசாயத் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். பர்மா போர்முனைக்குச் சரக்கு கொண்டுபோகவே அந்தப் பாதை. அதில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். கணக்குப்படி பார்த்தால், போட்ட ஒவ்வொரு கட்டையும் எதிரிக்கு உதவியதுதான்.

தாமர்கான் முகாமில், குவாய் ஆற்றுப் பாலம் கட்டிய இடத்தில், தலைவராக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி. சிங்கப்பூர் விழும் முன் வெளியேறிவிடு என்று உத்தரவு வந்தபோது, என் ஆட்களை விட்டுப் போக மாட்டேன் என்று தங்கியவர். முகாமில் அவர் செய்தது முழுக்க முழுக்கப் பேரம். வேலை நடக்கும், பதிலுக்குச் சாப்பாடு கொஞ்சம் கூட வேண்டும், வாரத்தில் ஓய்வு வேண்டும், நோயாளியை இழுக்கக் கூடாது. ஒரு ஆளை அடிக்கும்போதெல்லாம் போய் நடுவில் நின்றார், அடியும் வாங்கினார். பாலம் கட்டிய மாதங்களில் அந்த முகாமில் சாவு மிகக் குறைவு. பாதையின் மேல்பகுதியிலோ 1943-இன் பருவமழையில் முகாம் முகாமாகச் செத்தார்கள்.

டூசியை ஜப்பானியரின் கூட்டாளி என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். அவரோ மறுபக்கம், சத்தமில்லாமல் செய்யும் நாசவேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டார். போர் முடிந்ததும் முகாமின் காவல் அதிகாரி சாய்த்தோவுக்காகப் பரிந்து பேசினார், மற்றவர்களோடு ஒப்பிட்டால் நியாயமாக நடந்தவர் என்று. சாய்த்தோ விசாரணைக் கூண்டில் ஏறவில்லை. பல ஆண்டுகள் கழித்து இங்கிலாந்துக்கு வந்து டூசியின் கல்லறையில் நின்றார்.

நாசவேலை என்றால் என்ன செய்தார்கள்?

கறையானைப் பிடித்து வந்து பாலத்தின் மரக் கட்டைகளில் விட்டார்கள். கான்கிரீட் கலவையைக் கெடுத்தார்கள். ஆணியைத் தளர்த்தினார்கள். பெரிய வெடிப்பு எதுவும் இல்லை. பிடிபட்டால் ஒருவனுக்கு மட்டும் தண்டனை வராது என்பதால், செய்கிறவனைக் கூட இருப்பவர்களே தடுத்ததும் உண்டு.

ரகசிய வானொலி வைத்திருந்தார்களாமே?

ஆமாம். சாங்கியில் ஒரு துடைப்பத்தின் தலைக்குள் வானொலி இருந்தது. தண்ணீர்ப் புட்டிக்குள் வைத்தவர்களும் உண்டு. கேட்ட செய்தியை அப்படியே சொல்ல மாட்டார்கள், சில நாள் தள்ளி, வாய்வழி வதந்தி போலப் பரப்புவார்கள். தாய்லாந்தின் கஞ்சனாபுரியில் 1943-இல் ஒன்று பிடிபட்டபோது அதிகாரிகளை மணிக்கணக்கில் அடித்தார்கள், இருவர் அந்த அடியிலேயே செத்தார்கள்.

வானொலிக்கு பேட்டரி வேண்டுமே? கஞ்சனாபுரியின் வணிகர் பூன்பொங், முகாம்களுக்குக் காய்கறி விற்கும் சாக்கில் மருந்தும் பணமும் பேட்டரியும் உள்ளே அனுப்பினார். கைதியாக இல்லாமலே கைதிக்குரிய ஆபத்தை ஏற்றுக்கொண்டவர்.

பெண் கைதிகள்?

1942 மார்ச்சில் ஐரோப்பியக் குடிமக்களைச் சாங்கிச் சிறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம். கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதே பலருக்குத் தெரியாது. எத்தல் முல்வானி என்ற கனடாப் பெண் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சிறு துணிச் சதுரத்தில் தன் பெயரோடு எதையாவது பூத்தையல் போட வேண்டும். 66 சதுரங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை. அதைக் கைதிகளின் மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். பார்க்கிற கணவன் மனைவியின் கையெழுத்தைத் துணியில் படித்துக்கொள்வான்.

ஜப்பானியர் அனுமதிக்க வேண்டுமே. அதனால் காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கென்றே ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார்கள். அதோடு பிரிட்டிஷாருக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று என்று மற்றவை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. குனிந்து கொடுத்த அந்த ஒரு போர்வையின் நிழலில்தான் மற்றவை கடந்து போயின. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சுமத்ராவின் பாலெம்பாங் முகாமில் மார்கரெட் டிரைபர்க், நோரா சேம்பர்ஸ் இருவரும் சேர்ந்து ஒரு குரல் இசைக்குழு அமைத்தார்கள். கருவிகள் கிடையாது. முப்பது பெண்கள் வாயாலேயே இசைத்தார்கள். 1943 டிசம்பர் 27 அன்று முதல் நிகழ்ச்சி. கூட்டத்தைக் கலைக்க ஓடிவந்த காவலர் நின்று கேட்டதாகப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டிரைபர்க் 1945 ஏப்ரலில் முகாமிலேயே இறந்தார்.

தோட்டத் தமிழர்களைக் கைதிகள் என்று சொல்லலாமா?

காகிதத்தில் அவர்கள் கூலித் தொழிலாளர்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா பாதை வேலைக்கு ரயிலேற்றினார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டே போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையை மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் கேட்கலாம்.

போர்க்கைதிக்கு ஓர் அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், பெயர்ப் பட்டியல் இருந்தது. ஹோம்ஸ் போலவோ டூசி போலவோ எதிரே போய்ப் பேச ஒருவர் இருந்தார். தோட்டத்திலிருந்து மனைவி பிள்ளையோடு வந்தவனுக்கு இது எதுவும் இல்லை. காலரா வந்தபோது முகாம் முகாமாக அழிந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு போர்க்கைதிகளின் சாவைப் போலப் பல மடங்கு. அவர்கள் எதிர்க்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: காட்டுக்குள் ஓடினார்கள். ஓடியவர்களில் பெரும்பாலோர் காட்டிலேயே செத்தார்கள். ரயிலுக்குப் பிடித்துப் போகாமல் தப்ப வேண்டும் என்று ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களும் உண்டு.

ஃபுகுயேவுக்கு என்ன தண்டனை?

போர் முடிந்தபின் சிங்கப்பூரில் விசாரித்து மரண தண்டனை கொடுத்தார்கள். 1946 ஏப்ரல் 27 அன்று, நால்வரையும் சுட்ட அதே இடத்தில் அவரைச் சுட்டார்கள்.

ஐ.என்.ஏ. கைதிகளை பிரிட்டிஷார் என்ன செய்தார்கள்?

1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பூலாபாய் தேசாய் வாதாடினார். அடிமைப்பட்ட மக்களுக்குத் தங்களை விடுவித்துக்கொள்ளப் போரிடும் உரிமை உண்டு என்பது அவர் வாதம். ஆயுள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை விதித்தார்கள், ஆனால் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்துவிட்டார். நாடே கொதித்துக்கொண்டிருந்தது, வேறு வழியில்லை. சுதந்திரம் வந்த பிறகும் அவர்களைப் படையில் திரும்பச் சேர்க்கவில்லை.

இந்த இடங்களை இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

செலராங் இன்றும் ராணுவ முகாம், உள்ளே போக முடியாது. சாங்கியில் தேவாலயமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. புக்கித் தீமாவின் ஃபோர்டு தொழிற்சாலை அருங்காட்சியகமாகிவிட்டது. கிராஞ்சி நினைவிடத்தின் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் பெயர்களை அங்கே பொறுமையாகப் படிக்க ஒரு காலைப் பொழுது வேண்டும். எஸ்பிளனேடில் போஸ் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தை 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995-இல் ஒரு குறிப்புக் கல் வைத்திருக்கிறார்கள்.

தாய்லாந்து போகிறவர்கள் கஞ்சனாபுரி கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகள் வரிசை வரிசையாக, பெயரோடும் வயதோடும் படுத்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு அங்கே இடம் கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் பாதையோரக் காட்டில், பெயர் பொறித்த கல் இல்லாமல் இருக்கிறார்கள். ரயிலில் நாம்தோக் என்ற ஊர் வரை போனால், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மூங்கில் காட்டின் ஊடே ஓடுவது அவர்களும் வெட்டிய பாதைதான்.